சாம்பார் வாளியும் சாட்சிக் கையெழுத்தும்

அருப்புக்கோட்டை, விருதுநகர், சாத்தூர்ப் பக்கம் முப்பது, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நண்பனின் கல்யாணத்துக்கு யாரும் 'போய்விட்டு வருவது' கிடையாது. மூன்று நாளைக்கு முன்பே போய் அந்த வீட்டில் தங்கிவிட வேண்டும். "கூட்டாளிக்குக் கல்யாணம்" என்று விடுப்புக் கேட்டால், ஒரு நாள் போதாதா என்று எந்த மேலாளரும் கேட்கமாட்டார். அவரும் நாலு கல்யாணத்தில் வாளி தூக்கியவராகத்தான் இருப்பார்.

வேலை அதற்கும் முன்பே தொடங்கிவிடும். சிவகாசி பக்கத்திலேயே இருந்ததால், பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கவும் பிழை திருத்தவும் பஸ் ஏறுகிறவன் நண்பன்தான். தாய்மாமன் பெயர் விடுபட்டால் கல்யாணமே நின்றுபோகும் அளவுக்குச் சண்டை வரும் என்பதால், அச்சகத்து ஸ்டூலில் உட்கார்ந்து பெயர் பெயராக விரல் வைத்துப் படிப்பான். கட்டு வந்து இறங்கியதும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டுவதும் எங்கள் வேலை. எங்களுக்கான பத்திரிகையை நாங்களே கவரில் போட்டு எடுத்துக்கொள்வோம். முறையாகத் தட்டில் வைத்து யாரும் எங்களை அழைத்ததில்லை, அழைத்திருந்தால் வருத்தப்பட்டிருப்போம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலில் குலை தள்ளிய வாழைமரம் இரண்டு, தென்னங்கீற்றுப் பந்தல், வேப்பமரத்தில் கூம்பு ஒலிபெருக்கி. கொல்லையில் மண்ணை வெட்டிக் கோட்டையடுப்பு போட்டிருப்பார்கள். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து மாட்டுவண்டியில் அண்டாவும் வாளியும் கரண்டியும் வந்து இறங்கும். கடைக்காரர் கொடுத்த பட்டியலைச் சட்டைப் பையில் வைத்திருப்பவன் கல்யாணம் முடிந்து இரண்டு நாள் வரை நிம்மதியாகத் தூங்க முடியாது, ஜல்லிக்கரண்டி ஒன்று குறைந்தாலும் கணக்கு அவன் தலையில்தான். ஜமுக்காளத்தை விரித்து நடுவில் பூசணிக்காயும் கத்தரிக்காயும் மலையாகக் கொட்டுவார்கள். சுற்றி உட்கார்ந்து நறுக்கத் தொடங்கினால் பேச்சு பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பித்துக் காதல் தோல்விகளுக்கு வந்து சேரும். நள்ளிரவு தாண்டித் தவசுப்பிள்ளை அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்தில் மாப்பிள்ளையும் ரகசியமாக வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்வான். "போய்ப் படுடா, காலையில மூஞ்சி வீங்கிக் கிடக்கும்" என்று அவனுடைய அம்மா விரட்டுவார். அடுத்த நாளிலிருந்து அவன் வேறொரு வாழ்க்கைக்குப் போகிறான் என்பது அந்த ராத்திரியில்தான் எங்களுக்கு உறைக்கும்.

காலையில் பந்தி. இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் வர வேண்டும் என்பதில் தொடங்கி எல்லாமே ஒரு படிப்பு. சாம்பார் பரிமாறுவது அதில் மேல்வகுப்பு. கொதிக்கிற வாளியை இடது கையில் தூக்கிக்கொண்டு, வலது கைக் கரண்டியை அடிவரை விட்டுக் காயோடு கலக்கி எடுக்க வேண்டும். மேலாக மொண்டால் முதல் வரிசைக்குத் தண்ணியும் கடைசி வரிசைக்கு வண்டலும் போய்ச் சேரும். சோற்றில் அவர் குழி பறிக்கும்வரை பொறுத்து, பக்கத்து இலையில் சொட்டு விழாமல் குனிந்து ஊற்ற வேண்டும். 'போதும்' என்று கை காட்டுகிறவர்களில் யார் நிஜமாகவே போதும் என்கிறார், யார் கூச்சத்தில் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். பந்தி விசாரிக்க நிற்கும் பெரியவர் தூரத்திலிருந்தே கண்ணால் காட்டுவார்: மூன்றாவது வரிசையில் ஒரு கிழவிக்கு அப்பளம் வரவில்லை. நாங்கள் சாப்பிடுவது கடைசிப் பந்தியில். பாயசம் தீர்ந்திருக்கும், சாம்பாரில் கருகல் வாடை ஏறியிருக்கும். ஆனால் அப்போது பரிமாற வருவது மாப்பிள்ளையின் அம்மா. "எம் பிள்ளைகளுக்கு நான் போடுறேன்" என்று கரண்டியை யாரிடமும் கொடுக்கமாட்டார்.

மொய் மேசையிலும் நண்பன்தான். சொந்தத்தில் ஒருவரை உட்கார வைத்தால் பங்காளிகளுக்குள் பேச்சு வரும், அதனால் படித்த நண்பன், கையெழுத்து நன்றாக இருக்கிறவன். பிள்ளையார் சுழி போட்டு மஞ்சள் தொட்டு வைத்த நீள நோட்டில் ஊர்ப்பெயர், அப்பா பெயர், ஆள் பெயர், தொகை. எழுதுகிறவன் ஒருவன், பணத்தை எண்ணி மஞ்சப் பையில் போடுகிறவன் ஒருவன். திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் அந்த நோட்டு பத்திரத்தோடு பெட்டியில் இருக்கும். ஒரு குடும்பம் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்ற முழுக் கணக்கும் நண்பனின் கையெழுத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய நம்பிக்கையை யாரும் யாருக்கும் கொடுத்துவிட முடியாது.

தாலி கட்டியதும் எங்களுடைய இன்னொரு பங்கு மைக்கில் வரும்: வாழ்த்து மடல். எங்களில் தமிழ் எம்.ஏ. படித்தவன் வாரக்கணக்கில் மண்டையை உடைத்து எழுதியது. ரோஸ் நிறத் தாளில் இருபக்கமும் குத்துவிளக்குப் படம், நடுவில் ஆசிரியப்பா மாதிரி ஒன்று, கீழே 'இன்பத்தில் திளைக்கும் நண்பர்கள்' என்று பெயர் வரிசை. யார் பெயர் முதலில் என்ற தகராறை அகர வரிசை தீர்த்துவைக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த அந்த மடல் பல வீடுகளில் பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை சுவரில் தொங்கியது. வர முடியாதவர்களின் தந்தியையும் அதே மைக்கில் படிப்போம். வாழ்த்துத் தந்திக்கு என்று தந்தித்துறை ஆயத்தமாக வாசகங்கள் வைத்திருந்தது. அனுப்புகிறவர் வாசகத்தின் எண்ணைச் சொன்னால் போதும். அதே வாசகம் நாலைந்து தந்தியில் வந்தாலும், அனுப்பியவர் பெயரை மட்டும் அழுத்திப் படித்தால் கூட்டம் கை தட்டும். 2013 ஜூலையில் தந்திச் சேவையே முடிந்துபோனது. அதற்கு வெகுகாலம் முன்பே கல்யாண வீட்டு மைக்கில் தந்தி படிப்பது நின்றிருந்தது.

இவ்வளவையும் ஆசையோடு சொல்லும்போது, அந்தக் கல்யாணங்களில் இல்லாதவர்களையும் சொல்லியாக வேண்டும். எங்களோடு படித்த பெண்கள் முகூர்த்தத்துக்கு அப்பாவோடோ அண்ணனோடோ வருவார்கள். எவர்சில்வர் குடமோ சுவர்க் கடிகாரமோ கொடுத்துவிட்டு, பெண்கள் பந்தியில் சாப்பிட்டு, பதினோரு மணிப் பஸ்ஸைப் பிடிப்பார்கள். அவர்களுடைய கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு வந்தாலும் பின்வரிசை நாற்காலிதான். சிரித்துப் பேசினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் அவர்கள் முகத்திலேயே தெரியும். இன்னொன்று அதைவிடக் கசப்பானது. எங்கள் கூட்டத்தில் ஒருவன் ராத்திரி முழுக்கக் கண்விழித்து வாழைமரம் கட்டினான், கீற்று முடைந்தான். காலையில் பந்தி தொடங்கியதும் வீட்டுப் பெரியவர் ஒருவர் அவன் கையிலிருந்த வாளியை மெதுவாக வாங்கிக்கொண்டு, "நீ மைக்செட்டைப் பார்த்துக்கப்பா" என்று அனுப்பிவைத்தார். எந்தத் தெருவிலிருந்து அவன் வந்தான் என்பது ஊருக்கே தெரியும். நண்பர்களின் உழைப்பால் நடந்த கல்யாணம் என்று நான் கொண்டாடும் அந்தக் காலத்தில், எல்லா நண்பர்களின் கையும் ஒன்றாக மதிக்கப்படவில்லை.

பிறகு மண்டபங்கள் வந்தன. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் சாலையில் இரண்டு பக்கமும் எத்தனை மண்டபங்கள்! இலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டால் கேட்டரிங்காரர்கள் சீருடையில் வந்து இறங்குகிறார்கள். கோட்டையடுப்பு இல்லை, கேஸ் பர்னர். ஜமுக்காளம் இல்லை, காகிதச் சுருள் விரித்த மேசை. பல இடங்களில் இலையும் இல்லை, தட்டோடு வரிசையில் நகர வேண்டும். இதை வெறும் இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் காலத்துக் கல்யாண வீட்டுப் பெண்கள் பெற்ற மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைக்கூடப் பார்க்க முடியாமல் அடுப்படியில் நின்றார்கள். இன்று அந்த அம்மாக்கள் பட்டுப்புடவை கசங்காமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே நான் மண்டபத்தை மன்னிப்பேன்.

நண்பர்களும் ஊரில் இல்லை. ஓசூரில் ஒருவன், பெங்களூரில் ஒருவன், மஸ்கட்டில் ஒருவன். சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏற வேண்டியவனிடம் பூசணிக்காய் நறுக்கச் சொல்ல முடியாது. மொய் மேசையிலும் இப்போது வாடகைக்கு ஆள். மதுரை, தேனிப் பக்கம் கணினியோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பெயரைச் சொன்னதும் தட்டச்சு செய்து ரசீது நீட்டுகிறார்கள். கணக்கு துல்லியமாக இருக்கிறது, பிறகு தேடுவதும் சுலபம். பத்திரிகை வாட்ஸப்பில் வருகிறது, மொய்க்கு க்யூஆர் கோடு வைக்கிறவர்களும் உண்டு.

மிச்சமிருப்பது ரிசப்ஷன் வரிசை. நாற்பது வருஷப் பழக்கம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனுடைய பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும், மேடையேறிப் போய் உறையைக் கொடுத்து, போட்டோகிராபர் "சார், இங்க பாருங்க" என்றதும் பார்த்து, அடுத்த குடும்பத்துக்கு இடம் விட்டு இறங்க வேண்டும். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் கல்யாணத்துக்கு முன்பே எடுத்த வீடியோ ஓடுகிறது, கடற்கரையில் இருவரும் ஓடிவருகிறார்கள். கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருக்கும் நண்பனிடம் நலம் விசாரிக்க முடியவில்லை. நண்பனுக்கு அந்த வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. வேலை கொடுக்கப்படாத நண்பன் விருந்தாளியாகிவிடுகிறான். விருந்தாளியிடம் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கட்டளையிட மாட்டார்கள், 'எம் பிள்ளை' என்று சொல்லிப் பரிமாறவும் மாட்டார்கள்.

அந்த வெற்றிடத்தைச் சில காலம் பேனர் நிரப்பியது. வாழ்த்து மடலில் கடைசியில் சிறிய எழுத்தில் இருந்த நண்பர்கள், பேனரில் மணமக்களைச் சுற்றி வட்ட வட்டமாகக் கூலிங்கிளாஸோடு சிரித்தார்கள். 2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பேனர்களுக்குத் தடை போட்டது. அடுத்த வருஷம் செப்டம்பர் 12 அன்று, சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே ஒரு அரசியல் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்காக வைத்திருந்த பேனர் சரிந்தது. ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் பொறியாளர் கீழே விழுந்தார், பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர்மேல் ஏறியது. வாழ்த்து என்ற பெயரில் சாலையில் நிறுத்தியது ஓர் உயிரை எடுத்தது. அதற்குப் பிறகும் பேனரில் முகம் பார்க்க ஆசைப்படுகிற இளைஞர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஆனால் சமீபத்துக் கல்யாணங்களில் நான் பார்த்துச் சந்தோஷப்படும் காட்சி ஒன்று உண்டு: மணப்பெண்ணின் தோழிகள். ஒரே நிறத்தில் புடவை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முன்பே வந்துவிடுகிறார்கள். தனியாக ராத்திரிப் பஸ்ஸில் வருகிறார்கள், மணமகனின் நண்பர்களோடு சேர்ந்து மேடையில் ஆடுகிறார்கள். ஆட்டத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் கவனித்தது ஒரு பெண்ணின் இடுப்பில் செருகியிருந்த ஊக்குக் கொத்தை. மணப்பெண்ணின் மடிப்பு கலையும்போதெல்லாம் அவள் குனிந்து ஒன்றை எடுத்துக் குத்துகிறாள். கையில் மணப்பெண்ணின் செல்போன், தண்ணீர் பாட்டில், அவள் சாப்பிடாமல் வைத்த இட்லி. ஓமப்புகையில் கண் எரிந்தபோது கைக்குட்டையை நனைத்து நீட்டுகிறாள். எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு வாய்க்காத இடம் இது. பதினோரு மணிப் பஸ்ஸுக்கு ஓடியவர்களின் மகள்கள் இன்று மேடையில் மணப்பெண்ணுக்கு ஓர் அடி தள்ளி நிற்கிறார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன், அதில் நண்பனுக்கு ஓர் இடம் இருக்கிறது. எங்கள் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சுக்கிலநத்தத்தில்தான் 1928இல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அப்படி நடந்த கல்யாணங்களுக்குப் பல பத்தாண்டுகள் சட்ட ஏற்பு இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். புரோகிதரும் சடங்கும் வேண்டியதில்லை, உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு யாராவது முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். நண்பன் கூட நின்றாலே ஒரு கல்யாணம் கல்யாணம் ஆகிவிடும் என்று சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்த மாநிலம் இது.

அந்த வரியை நம்பி எத்தனை நண்பர்கள் எத்தனை ஜோடிகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள்! சாதி தாண்டிய காதல் என்றால் தொண்ணூறுகளில் கல்யாண வீடு என்று ஒன்று இருக்காது. இருப்பது ஒரு வக்கீல் அறை, இரண்டு மாலை, மஞ்சள் கயிறு, வாசலில் வண்டியை அணைக்காமல் நிற்கும் ஒரு கூட்டாளி. பிறகு போலீஸ் முதலில் தேடி வருவது கையெழுத்துப் போட்ட நண்பனைத்தான், ஆள் கடத்தல் வழக்கும் அவன்மேல்தான். வக்கீல் அறைகளில் நடக்கும் இப்படிப்பட்ட கல்யாணங்கள் செல்லாது என்று 2014இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, 7ஏ பிரிவுப்படி நடக்கும் கல்யாணத்துக்கு ஊரறிய விழா எடுக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. வீட்டார் துரத்தும் ஜோடி எப்படி ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்ய முடியும் என்ற எளிய நியாயம் அதில் இருக்கிறது.

போன வருஷம் எங்கள் கூட்டத்திலேயே ஒரு கல்யாணம். இருவரும் மதுரையில் எங்களோடு கல்லூரியில் படித்தவர்கள், இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அவள் கணவனை இழந்து பல வருஷம் ஆகிறது, வேலைக்குப் போகும் மகள் இருக்கிறாள். அவன் கல்யாணமே செய்துகொள்ளாதவன், கிறிஸ்தவன். பேச்சை முதலில் எடுத்தது மகள்தான். "அம்மா ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கிட்டதான் போன் பேசுறாங்க அங்கிள், அதுக்கப்புறம்தான் சாப்பிடுறாங்க" என்று என்னிடம் சொன்னாள். இரண்டு மதம் என்பதால் 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். அறிவிப்பு கொடுத்து, அது அலுவலகப் பலகையில் முப்பது நாள் தொங்க வேண்டும், யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். ஐம்பது வயதிலும் அந்த முப்பது நாள் இருவரையும் என்ன பாடு படுத்தியது என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். அவளுடைய கொழுந்தனார் வந்துவிடுவாரோ என்று அவளுக்கு, தன் அக்கா வந்துவிடுவாரோ என்று அவனுக்கு. யாரும் வரவில்லை.

சார்பதிவாளர் அலுவலகம் கிரயப் பத்திரக் கூட்டத்தில் நிரம்பி வழிந்தது. வாசலில் பத்திர எழுத்தர்கள், ஜெராக்ஸ் கடை, ஒரு கையில் ஆதார் நகலும் இன்னொரு கையில் பிள்ளையுமாகக் குடும்பங்கள். நடுவில் மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து வந்த மல்லிகை மாலைப் பையோடு எங்கள் மணமக்கள். இந்தச் சட்டத்துக்குச் சாட்சி மூன்று பேர் வேண்டும். ஒன்று நான். ஒன்று அவளுடைய மகள். இன்னொருவன், அன்றைக்கு மைக்செட்டுக்கு அனுப்பப்பட்டவன், இன்று தலைமையாசிரியன். அதிகாரி எங்களை நிமிர்ந்து பார்த்து, "எத்தனை வருஷமா தெரியும்?" என்றார். "காலேஜ்ல இருந்து சார்" என்றான் அவன். அதிகாரி பேனாவை முதலில் அவனிடம் நீட்டினார். பள்ளிக்கூடச் சான்றிதழ்களில் போட்டுப் பழகிய முழுக் கையெழுத்து, ஒரு எழுத்தும் கோணாமல். மகள் எழுதும்போது அம்மாவின் பெயரில் ஒரு கணம் நின்றுவிட்டு எழுதினாள். ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாக வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். அவள் தெளிவாகச் சொன்னாள். அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, மறுபடி சொல்ல வைத்தார் அதிகாரி. கிரயத்துக்குக் காத்திருந்த ஒரு பெரியம்மா எழுந்து வந்து, கேட்காமலே இருவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார்.

மகள் எடுத்த போட்டோ சாயங்காலம் கல்லூரிக் குழுவில் வந்தது. மஸ்கட்காரனுக்குத்தான் கோபம்: "எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல இல்ல?" அவள் பதில் எழுதினாள்: "சாட்சிக்கு மூணு பேர்தான்டா கேட்டாங்க. அடுத்த மாசம் இரண்டாவது ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வாங்க, இலை போட்டுச் சாப்பாடு. சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு. பரிமாற யாரையும் சொல்லல."

முதல் பதில் தலைமையாசிரியனிடமிருந்து வந்தது: "சாம்பார் வாளி எனக்கு." ரசத்துக்கும் மோருக்கும் மற்றவர்கள் அன்று ராத்திரி பதினொரு மணிவரை சண்டை போட்டார்கள்.